இ.சி.ஜி. படிக்கக் கற்பது எப்படி?

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்து பிள்ளைகளை அழைத்துப் போக வரும் பெற்றோர்களில் ஒருவர், சென்ற மாதம் தம் மூத்த மகளையும் உடன் அழைத்து வந்திருந்தார். அந்தப் பெண் நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். "ஆன்ட்டி, மத்ததெல்லாம் படிச்சிடறேன். இந்த இ.சி.ஜி. மட்டும் தலையில் ஏற மாட்டேங்குது. கிளாஸில் புரியுது. வார்டில் ஒரு தாளைக் கையில் கொடுத்தா ஒண்ணுமே தெரியலை" என்றாள்.

அவளுக்கு நான் சொன்ன பதிலை மலரில் எழுதினால் மற்றவர்களுக்கும் பயன்படும் என்று நம் ஆசிரியர் குழுவினர் கேட்டுக் கொண்டார்கள். நம் குடும்பங்களில் நர்சுகளாகவும் டாக்டர்களாகவும் டெக்னீஷியன்களாகவும் ஆகப் போகும் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். இ.சி.ஜி. எடுத்துக் கொள்ள வேண்டிய வயதில் இருப்பவர்களோ இன்னும் அதிகம். எனவே இரு சாராருக்குமாக இதை எழுதுகிறேன். நான் 1983-இல் பாளையங்கோட்டையிலிருந்து தில்லிக்கு வந்தவள். 38 ஆண்டுகள் நர்சாகவும் பின்னர் நர்சிங் ஆசிரியையாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவள். இதில் எழுதுவது என் வெற்றியிலிருந்து கற்றதல்ல. ஒரு தவறிலிருந்து கற்றது.

தாளில் இருப்பது என்ன?

இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் அதன் தசைகளில் மிகச் சிறிய மின்னோட்டம் பரவுகிறது. அதை உடலின் மேற்பரப்பிலேயே பதிவு செய்ய முடியும் என்று 1887-இல் லண்டனில் அகஸ்டஸ் வாலர் என்பவர் செய்து காட்டினார். அதைத் தெளிவாகப் பதியும் கருவியை உருவாக்கியவர் ஹாலந்து நாட்டின் லைடன் நகரில் பேராசிரியராக இருந்த வில்லெம் ஐந்தோவன். அவருக்கு 1924-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று நாம் சொல்லும் பி, க்யூ, ஆர், எஸ், டி என்ற அலைகளின் பெயர்கள் அவர் வைத்தவையே. அவருடைய கருவியின் எடை சுமார் 270 கிலோ. அதை இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளி உப்புநீர்ப் பாத்திரங்களில் கைகளையும் காலையும் வைத்துக் கொண்டு உட்கார வேண்டும். இன்று அந்த வேலையைக் கைப்பையில் அடங்கும் கருவி செய்து விடுகிறது.

இ.சி.ஜி. தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஒரு சிறு கட்டம் 0.04 நொடி, ஐந்து சிறு கட்டங்கள் சேர்ந்த பெரிய கட்டம் 0.20 நொடி. உயரத்தில் 10 மில்லிமீட்டர் என்பது ஒரு மில்லிவோல்ட். முதலில் வரும் சிறு மேடான பி அலை, இதயத்தின் மேலறைகளில் மின்னோட்டம் பரவுவதைக் காட்டுகிறது. அடுத்து வரும் கூரிய க்யூ.ஆர்.எஸ். கீழறைகளுக்கு உரியது. கடைசியில் வரும் டி அலை, கீழறைகள் அடுத்த துடிப்புக்குத் தயாராவதைக் காட்டுகிறது. துடிப்பு சீராக இருந்தால், இரண்டு ஆர் முனைகளுக்கு இடையே எத்தனை பெரிய கட்டங்கள் என்று எண்ணி 300-ஐ அதனால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்பது தெரிந்துவிடும். நான்கு கட்டம் என்றால் 75.

உடலில் ஒட்டும் வயர்கள் பத்து. கிடைக்கும் பதிவுகள் பன்னிரண்டு. இவற்றை லீட் என்கிறோம். நான்கு மாட வீதிகளிலிருந்தும் ஒரே கோபுரத்தைப் பார்ப்பது போல, ஒவ்வொரு லீடும் ஒரே இதயத்தை வெவ்வேறு திசையிலிருந்து பார்க்கிறது. இரண்டாம் லீட், மூன்றாம் லீட், ஏ.வி.எப். ஆகிய மூன்றும் இதயத்தின் அடிச்சுவரைப் பார்க்கின்றன. ஏ.வி.எல். என்ற லீட் இடது தோள் பக்கமிருந்து பார்க்கிறது. அடிச்சுவரில் மாரடைப்பு ஏற்படும்போது, முதல் மூன்றிலும் க்யூ.ஆர்.எஸ்.ஸுக்கும் டி அலைக்கும் இடைப்பட்ட எஸ்.டி. பகுதி மேலே எழும்பும். எதிர்த்திசையிலிருந்து பார்க்கும் ஏ.வி.எல்.லில் அதே பகுதி தாழும். சில சமயம் மேலே எழும்புவது தெளிவாவதற்கு முன்பே இந்தத் தாழ்வு தென்பட்டுவிடும். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டுகிறேன்.

1991-இல் ஓர் இரவு

1991 ஜனவரியில் நான் ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணியில் இருந்தேன். அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர் ஒருவர் வந்தார். மத்திய அரசு ஊழியர். ராமகிருஷ்ணபுரம் குவார்ட்டர்ஸில் மூன்றாம் மாடியில் குடியிருந்தார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். மேல்வயிற்றில் வலி, இரண்டு முறை வாந்தி. வெளியே கடும் குளிர். அவர் சட்டையோ வியர்வையில் நனைந்திருந்தது.

இ.சி.ஜி. எடுத்தேன். அப்போதைய கருவியில் ஒரு நேரத்தில் ஒரு லீட்தான் பதியும். நாடா போல வரும் நீளத் தாளைத் துண்டு துண்டாக வெட்டி அட்டையில் ஒட்டுவோம். பணியிலிருந்த டாக்டர் வேலையில் சேர்ந்து சில மாதமே ஆனவர். இருவரும் அட்டையைப் பார்த்தோம். மூன்றாம் லீடில் எஸ்.டி. கொஞ்சம் தூக்கியிருப்பது போல இருந்தது. "பெரிதாக ஒன்றும் இல்லை" என்றார் அவர். எனக்கும் அப்படியே தோன்றியது. வயிற்றெரிச்சலுக்கு மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பினோம். புறப்படும்போது அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அண்ணாச்சி, இ.சி.ஜி. நல்லாத்தான் இருக்கு. பயப்படாமப் போங்க" என்றேன்.

விடியற்காலை ஐந்து மணிக்கு அவரை டாக்சியில் தூக்கி வந்தார்கள். அடிச்சுவரில் பெரிய மாரடைப்பு. உயிர் பிழைத்தார். ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி செயலிழந்துவிட்டது. அதன்பின் அவரால் மாடி ஏற முடியவில்லை. தரைத்தளத்தில் வீடு மாற்றிக் கேட்டு எழுதிப் போட்டார். வார்டில் அவரைப் பார்க்கப் போனபோது அவர் என்னைக் கடிந்து கொள்ளவில்லை. "நம்ம ஊர்ப் பிள்ள சொல்லிட்டு, சரியாத்தான் இருக்கும்னு நிம்மதியாப் படுத்துட்டேன்" என்று மட்டும் சொன்னார். அதைக் காட்டிலும் அவர் திட்டியிருக்கலாம்.

மூத்த டாக்டர் ஒருவர் இரவில் எடுத்த அட்டையையும் காலையில் எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இரவு அட்டையில் ஏ.வி.எல்.லில் எஸ்.டி. தாழ்ந்திருந்தது, ஒரு சிறு கட்டம் அளவுக்கு. நான் அந்தத் துண்டை என் கையால் வெட்டி ஒட்டியிருந்தேன், பார்க்கவில்லை. சந்தேகம் இருந்தால் அவரை அங்கேயே வைத்திருந்து, கால் மணி, அரை மணி கழித்து மறுபடி எடுத்திருக்க வேண்டும். அதையும் நாங்கள் செய்யவில்லை.

முழு மதிப்பெண் வாங்கியவள் தவறியது ஏன்?

இ.சி.ஜி. பாடத்தில் நான் முழு மதிப்பெண் வாங்கியவள். பிறகு ஏன் தெரியவில்லை? இதற்கு விடை எனக்குச் சில ஆண்டுகள் கழித்து, என் மகனுக்கு வீட்டில் தமிழ் எழுதக் கற்றுக் கொடுத்தபோது கிடைத்தது.

தில்லியில் வளரும் நம் பிள்ளைகளுக்கு ல, ள, ழ மூன்றும் ஒன்றுதான் என்பது நாம் எல்லோரும் அறிந்த வேதனை. ஒரு வாரம் முழுவதும் ழகரச் சொற்களை மட்டும் சொல்லி எழுதச் சொன்னேன். வாழை, மழை, கிழமை என்று எல்லாவற்றையும் சரியாக எழுதினான். அடுத்த வாரம் ளகரம்; அதிலும் தவறே இல்லை. மூன்றாவது வாரம் வலி, வளி, வழி என்றும், கலை, களை, கழை என்றும் கலந்து சொன்னேன். பாதிக்கு மேல் தப்பு. முதல் இரண்டு வாரமும் அவன் எழுத்தை அடையாளம் கண்டு எழுதவில்லை. 'இந்த வாரம் ழகர வாரம்' என்பது தெரிந்ததால் எழுதியிருக்கிறான், அவ்வளவுதான்.

எங்கள் இ.சி.ஜி. வகுப்பும் இதே கதைதான். திங்கட்கிழமை அடிச்சுவர் மாரடைப்பு என்றால் அன்று காட்டும் படங்கள் எல்லாம் அதுவே. அதுவும் பாடப்புத்தகத்தில் போடுவதற்கென்று தேர்ந்தெடுத்த, மலை போல் எழும்பிய படங்கள். விடையைத் தலைப்பாக எழுதி வைத்துக் கொண்டு படம் பார்த்தோம். நள்ளிரவில் வருகிற நோயாளியின் தாளில் தலைப்பு இருப்பதில்லை.

இது என் சொந்த அனுபவம் மட்டும் அல்ல. கனடாவைச் சேர்ந்த ரோஸ் ஹட்டாலா, லீ புரூக்ஸ், ஜெஃப்ரி நார்மன் ஆகியோர் 2003-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மருத்துவ மாணவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு நோய்வாரியாகவும் மற்றதற்குப் பல நோய்களின் தாள்களைக் கலந்தும் பயிற்சி கொடுத்தார்கள். பிறகு புதிய தாள்களைக் கொடுத்துச் சோதித்தபோது கலந்து படித்தவர்கள் 46 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். நோய்வாரியாகப் படித்தவர்கள் 30 சதவீதம்தான். கலந்து படிப்பது படிக்கும்போது கடினமாக இருக்கும். தவறு அதிகம் வரும். ஆனால் அந்தத் தவறுகள்தான் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துப் பார்க்கக் கண்ணைப் பழக்குகின்றன.

இது மாணவர்களோடு முடிகிற சங்கதியும் அல்ல. உலகின் பல இடங்களில் நடந்த 78 ஆய்வுகளைத் தொகுத்து அமெரிக்காவில் 2020-இல் ஒரு கட்டுரை வெளியாயிற்று. சோதனைகளில் இ.சி.ஜி.யைச் சரியாகப் படித்தவர்களின் இடைநிலை அளவு, மருத்துவ மாணவர்களில் 42 சதவீதம். மேற்பயிற்சி பெறும் டாக்டர்களில் சுமார் 56. தொழில் செய்யும் டாக்டர்களில் சுமார் 69. இதய நிபுணர்களில் 75. இதைச் சொல்வது யாரையும் குறை கூற அல்ல. ஒரு முறை தேர்வு எழுதித் தேறிவிட்டால் வந்துவிடும் வித்தை இது அல்ல என்பதற்காகவே சொல்கிறேன்.

பிஸ்கட் டின் வகுப்பு

நான் ஆசிரியை ஆன பிறகு, பெரிய பிஸ்கட் டின் ஒன்றில் பழைய இ.சி.ஜி. தாள்களின் நகல்களைச் சேர்க்கத் தொடங்கினேன். நோயாளியின் பெயரும் எண்ணும் இருக்கும் பகுதியை வெட்டி எடுத்துவிடுவேன். தாளின் பின்புறம் ஒட்டிய சிறு உறையில், நோயாளி என்ன சொல்லிக் கொண்டு வந்தார், கடைசியில் என்ன நோய் என்று உறுதியாயிற்று என்ற விவரம் இருக்கும். இதை வைத்து நான் கற்றுக் கொடுத்த முறை பின்வருமாறு:

1. முதல் பாடம் வயர் ஒட்டுவது. தவறாக எடுத்த தாளை எந்த நிபுணராலும் சரியாகப் படிக்க முடியாது. மார்பெலும்பின் மேற்பகுதியில் விரலால் தடவினால் ஒரு மேடு தட்டுப்படும். அதன் பக்கத்தில் இருப்பது இரண்டாவது விலா. அதற்குக் கீழே இரண்டாவது இடைவெளி. அங்கிருந்து எண்ணி நான்காவது இடைவெளிக்கு வர வேண்டும். மார்பெலும்பின் வலது ஓரம் வி 1, இடது ஓரம் வி 2. ஐந்தாவது இடைவெளியில், இடது காரை எலும்பின் நடுவிலிருந்து நேர்க்கீழே வி 4. இரண்டுக்கும் நடுவில் வி 3. வி 4-இன் மட்டத்திலேயே அக்குளின் முன் ஓரத்துக்கு நேராக வி 5, அக்குளின் நடுவுக்கு நேராக வி 6. எண்ணாமல் குத்துமதிப்பாக ஒட்டுகிறவர்கள் பெரும்பாலும் வி 1, வி 2 இரண்டையும் மிக மேலே ஒட்டிவிடுகிறார்கள்.

2. ஒரே வரிசையில் படிப்பது. பெயர், நேரம், தாளின் வேகம், உயர அளவு. பிறகு துடிப்பின் எண்ணிக்கை, சீர், அச்சு, பி அலை, பி.ஆர். இடைவெளி, க்யூ.ஆர்.எஸ்., எஸ்.டி., டி அலை, க்யூ.டி. இடைவெளி. பார்த்ததும் மனதில் தோன்றுவதை ஒதுக்க வேண்டாம். அதைக் குறித்துக் கொள்ளுங்கள். ஆனால் அதோடு நிறுத்தாமல் வரிசையை முடியுங்கள். எஸ்.டி. பார்க்கும்போது பன்னிரண்டு லீடையும் பார்க்க வேண்டும். நான் ஏ.வி.எல்.லைப் பார்க்காமல் விட்டது இங்கேதான்.

3. கலந்து எடுப்பது. டின்னிலிருந்து கண்ணை மூடிக் கொண்டு ஐந்து தாள்கள். அவற்றில் ஒன்றிரண்டாவது எந்தக் கோளாறும் இல்லாதவையாக இருக்கும்படி டின்னில் நிறைய நார்மல் தாள்களைப் போட்டு வைத்திருந்தேன். நோய்த் தாள்களையே பார்த்துப் பழகியவர்கள் நல்ல இதயத்திலும் நோயைக் கண்டுவிடுவார்கள்.

4. விடையைப் பார்ப்பதற்கு முன் தன் முடிவை எழுதி வைப்பது. ஆசிரியை சொன்னபின் "நானும் அதைத்தான் நினைத்தேன்" என்று தலையாட்டுவது எல்லோருக்கும் எளிது. பேனாவால் எழுதியபின் தப்பிக்க முடியாது.

5. உடனே உறையைப் பிரித்துப் பார்ப்பது. தவறென்றால், எந்த லீடில் எதைப் பார்க்கத் தவறினோம் என்று ஒரு வரி எழுதுவது. 'அடுத்த முறை கவனமாக இருப்பேன்' என்று எழுதினால் நான் ஏற்றுக் கொள்வதில்லை.

6. தவறிய தாளை மறுபடி டின்னில் போடுவது. ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து, அது மீண்டும் கைக்கு வர வேண்டும். ஒரே நாளில் நாற்பது தாள் பார்ப்பதைவிட வாரம் ஐந்தாகப் பல மாதங்கள் பார்ப்பது மேல்.

இந்த வகுப்பில் படித்த ஒரு பெண், பின்னர் வார்டில் ஒரு வயதான அம்மாளுக்கு எடுத்த தாளில் முதல் லீட் முழுதும் தலைகீழாக இருப்பதைக் கண்டாள். இதயம் வலப்பக்கம் இருக்கிறதோ என்று பக்கத்திலிருந்தவர்கள் பேசிக் கொண்டார்கள். அவள், "மார்பு லீடுகள் எல்லாம் சரியாக வளர்கின்றன, அப்படியானால் இரண்டு கை வயர்களும் மாறியிருக்கும்" என்று சொல்லிப் போய்ப் பார்த்தாள். மாறித்தான் இருந்தன. மாற்றிப் போட்டு எடுத்தபோது தாள் சரியாக வந்தது. அன்று எனக்கிருந்த மகிழ்ச்சியை இங்கே எழுதிக் காட்ட முடியாது.

கருவி சொல்வதைக் கேட்கலாமா?

இப்போது பல கருவிகள் தாளின் மேல் ஓரத்தில் தாங்களே முடிவை அச்சடித்துக் கொடுத்துவிடுகின்றன. பிறகு நாம் ஏன் கற்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அமெரிக்காவில் பயிற்சி டாக்டர்களிடம் நடத்தி 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், கருவி சரியாகச் சொன்னபோது டாக்டர்களின் முடிவும் மேம்பட்டது. கருவி தவறாகச் சொன்னபோது டாக்டர்களையும் அது தவறின் பக்கம் இழுத்தது. எனவே வகுப்பில் அந்த வரியின் மேல் ஒரு காகிதத்தை ஒட்டிவிடுவேன். தன் முடிவை எழுதியபின் காகிதத்தை எடுத்துக் கருவியோடு ஒப்பிடலாம். அதற்கு முன் கூடாது.

நோயாளியின் வாய்ச்சொல்லும் அப்படியே கண்ணை வழிநடத்தும். சரியான விவரம் உதவும். தவறான ஊகம் கெடுக்கும். அன்றிரவு 'வயிற்றுவலி' என்ற சொல் எங்கள் இருவர் கண்களையும் கட்டியது. குளிர்காலத்தில் நனைந்த சட்டை சொன்னதை நாங்கள் கேட்கவில்லை.

நர்சுகளின் பொறுப்பு நாளுக்கு நாள் கூடி வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2019-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நம் தில்லியில் 'மிஷன் டெல்லி' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதில் பயிற்சி பெற்ற நர்சுகள் மோட்டார் சைக்கிளில் நோயாளி இருக்கும் இடத்துக்கே சென்று, இ.சி.ஜி. எடுத்து எய்ம்ஸ் டாக்டர்களுக்கு அனுப்பி, அவர்கள் சொற்படி முதலுதவி செய்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் தாளை முதலில் பார்க்கும் கண் நர்சின் கண்தான்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

வாசகர்கள் யாரும் வீட்டில் உட்கார்ந்து இ.சி.ஜி. பார்த்துத் தாங்களே முடிவு செய்ய வேண்டாம். ஆனால் அதைப் படிப்பவருக்கு நீங்கள் பெரிய உதவி செய்ய முடியும்.

பழைய இ.சி.ஜி.யைப் பத்திரப்படுத்துங்கள். சிலருக்குத் தாளில் பல ஆண்டுகளாகவே மாறாத வேறுபாடு இருக்கும். புதியது எது, பழையது எது என்று தெரிய ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும். வெப்பத்தால் பதியும் தாளில் எழுத்து நாளாவட்டத்தில் மங்கிவிடும். எடுத்த அன்றே ஒரு ஜெராக்ஸ் எடுத்து, தேதியையும் அப்போது வலி இருந்ததா இல்லையா என்பதையும் எழுதி வையுங்கள். ஊரிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்து இறங்கும் அப்பா அம்மாவின் பெட்டியில் ஊறுகாய் ஜாடியோடு அந்த நகலும் இருக்கட்டும்.

நெஞ்சுவலி என்று ஒருவர் மருத்துவமனைக்குள் நுழைந்த பத்து நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது ஏற்றுக் கொள்ளப்பட்ட நெறி. அதை மரியாதையோடு கேட்கலாம். முதல் தாள் நன்றாக இருக்கிறது என்பதால் மாரடைப்பு இல்லை என்று ஆகிவிடாது. வலியோ வியர்வையோ மூச்சுத் திணறலோ நீடித்தால், "மறுபடி ஒரு முறை எடுத்துப் பார்க்கிறீர்களா?" என்று கேளுங்கள். இப்படிக் கேட்பது டாக்டரை அவமதிப்பது ஆகாது. 1991-இல் யாராவது என்னிடம் அப்படிக் கேட்டிருந்தால் நான் அவருக்கு இன்றும் நன்றி சொல்லிக் கொண்டிருப்பேன்.

முதலில் சொன்ன நர்சிங் மாணவி இப்போது ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு முடிந்தபின் வருகிறாள். பிஸ்கட் டின்னிலிருந்து ஐந்து தாள்கள் எடுக்கிறாள். அந்த டின்னில் 1991 ஜனவரி இரவின் அட்டை நகலும் இருக்கிறது. முதல் வாரமே அது அவள் கைக்கு வந்தது. நன்றாகப் பார்த்துவிட்டு 'நார்மல்' என்று எழுதினாள். உறையைப் பிரித்துப் படித்தாள். பிறகு ஏ.வி.எல்.லின் மேல் விரலை வைத்துக் கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தாள். தாளை வாங்கி மறுபடி டின்னில் போட்டேன். அடுத்த மாதம் அது அவள் கைக்கு மீண்டும் வரும்.

இதைப் போலவே கற்க விரும்பும் பிள்ளைகள் யாராக இருந்தாலும் வகுப்பு முடிந்தபின் வரலாம். ஒரு பேனா மட்டும் கொண்டு வந்தால் போதும்.